அணு அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை வேதியியல் படிக்கும் பிள்ளைகளும், வீட்டில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இவை. இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்ய எண்களும் பெயர்களும் நிறைய உண்டு. ஆனால் பாடப்புத்தகத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் ஆய்வகத்தில் எதையோ அளந்திருக்கிறார். எதை அளந்தார் என்று தெரிந்தவருக்கு அந்த வரி மறக்காது. தெரியாதவருக்குத் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். அதனால் முடிந்த இடங்களில் எல்லாம் "இது எப்படித் தெரிந்தது?" என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

அணுவைக் கண்ணால் பார்க்க முடியாதே, அது இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

முதல் ஆதாரத்தைக் கொடுத்தது தராசு. கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு வெவ்வேறு வாயுக்களைத் தருகின்றன. கார்பன் மோனாக்சைடில் 12 கிராம் கார்பனோடு 16 கிராம் ஆக்சிஜன் சேர்ந்திருக்கும். கார்பன் டை ஆக்சைடில் அதே 12 கிராம் கார்பனோடு 32 கிராம் ஆக்சிஜன். சரியாக இரண்டு மடங்கு. பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் பகுத்துக்கொண்டே போகலாம் என்றால், இந்த விகிதம் 1.7 ஆகவோ 1.83 ஆகவோ இருந்திருக்கலாம். முழு எண்ணில் வந்து நிற்பதற்குக் காரணம், ஒரு கார்பனோடு ஓர் ஆக்சிஜன் அல்லது இரண்டு ஆக்சிஜன் என்று எண்ணிக்கையில்தான் சேர முடியும் என்பதே. ஜான் டால்டன் 1808-ல் நூலாக வெளியிட்ட அணுக் கொள்கைக்கு இப்படிப்பட்ட எடைக் கணக்குகளே அடித்தளம்.

அதற்குப் பின்னும் நூறு ஆண்டுகள், அணு உண்மையா வெறும் கணக்கு வசதியா என்ற விவாதம் ஓயவில்லை. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் நடுங்குவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். பிரௌனியன் இயக்கம் என்பார்கள். நீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் மோதுவதால்தான் அந்த நடுக்கம் என்றால் துகள் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று 1905-ல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டார். 1908 முதல் பாரிஸில் ழான் பெரென் அதை அளந்து பார்த்தார். கணக்கும் அளவும் பொருந்தின. அதோடு சந்தேகம் ஏறக்குறையத் தீர்ந்தது.

நேரில் பார்ப்பது பற்றி: கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அணுவின் விட்டம் ஒரு நானோமீட்டரில் பாதிகூட இல்லை. எனவே எவ்வளவு நல்ல கண்ணாடி வில்லை வைத்தாலும் ஒளியால் அணுவைக் காட்ட முடியாது. 1981-ல் சூரிச் நகர ஐபிஎம் ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் இருவரும் வேறு வழியில் போனார்கள். கூர்மையான ஊசிமுனையை உலோகப் பரப்புக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோய், இடையில் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்தபடி பரப்பு முழுவதும் நகர்த்தினார்கள். மின்னோட்டம் கூடிக் குறைவதிலிருந்து அணுக்களின் மேடு பள்ளம் படமாகக் கிடைத்தது. 1989-ல் இதே வகைக் கருவியால் ஐபிஎம்மின் வேறு ஆய்வாளர்கள் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, நிக்கல் பரப்பின் மேல் நிறுவனத்தின் மூன்று எழுத்துகளையே எழுதிக் காட்டினார்கள்.

அணுவுக்குள் என்னென்ன இருக்கின்றன?

நடுவில் அணுக்கரு, அதில் நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான்களும் மின்னூட்டமற்ற நியூட்ரான்களும். வெளியே எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்கள். ஒரு புரோட்டானின் நிறை 1.673 × 10⁻²⁷ கிலோகிராம். நியூட்ரான் அதைவிட மிகச் சற்றே கனம்: 1.675 × 10⁻²⁷. எலக்ட்ரானோ புரோட்டானில் 1836-ல் ஒரு பங்குதான்.

இந்த 1836 என்ற எண்ணை உணர ஒரு சவரன் சுத்தத் தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 8 கிராம். அதில் ஏறத்தாழ 2.4 × 10²² தங்க அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அணுவிலும் 79 புரோட்டான், 118 நியூட்ரான், 79 எலக்ட்ரான். அத்தனை அணுக்களின் எலக்ட்ரான்களையும் தனியே திரட்டி எடை போட்டால் 2 மில்லிகிராம்கூட வராது. ஆனால் தங்கத்தின் மஞ்சள் நிறம், பளபளப்பு, மின்சாரத்தைக் கடத்தும் குணம், துருப்பிடிக்காத தன்மை எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த 2 மில்லிகிராமுக்கும் குறைவான பகுதிதான். வேதியியல் என்பது கிட்டத்தட்ட முழுவதும் எலக்ட்ரான்களின் கதை.

எலக்ட்ரான் எல்லா அணுவிலும் ஒன்றேதான் என்று தாம்சனுக்கு எப்படித் தெரிந்தது?

ஜே. ஜே. தாம்சன் 1897-ல் கேம்பிரிட்ஜில் செய்த சோதனை இது. காற்றைப் பெருமளவு வெளியேற்றிய கண்ணாடிக் குழாயில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், எதிர்மின்வாயிலிருந்து கதிர்கள் கிளம்புகின்றன. அவற்றை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்து, எவ்வளவு வளைகின்றன என்பதிலிருந்து துகளின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டார். குழாயில் எந்த வாயு இருந்தாலும், மின்வாய் எந்த உலோகமாக இருந்தாலும் விகிதம் மாறவில்லை. இந்தச் சோதனையின் உயிரே இந்த ஒரு வரிதான். விடைத்தாளில் குழாயின் படத்தை அழகாக வரைந்துவிட்டு இதை எழுதாமல் விடுகிற பிள்ளைகள் ஏராளம்.

விகிதம் தெரிந்தது, மின்னூட்டம் தனியாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் ராபர்ட் மில்லிகன் 1909-ல் தொடங்கிய எண்ணெய்த்துளிச் சோதனை அதைக் கொடுத்தது: 1.6 × 10⁻¹⁹ கூலும். எந்தத் துளியிலும் மின்னூட்டம் இந்த அளவின் முழு மடங்காகவே இருந்தது. விகிதத்தையும் மின்னூட்டத்தையும் சேர்த்தால் நிறை வந்துவிடும்.

தங்கத்தகடு சோதனையில் திரும்பி வந்த துகள்கள் 12,000-ல் ஒன்றா, 20,000-ல் ஒன்றா? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு எண் இருக்கிறதே?

நல்ல கேள்வி. மிக மெல்லிய தங்கத்தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை (கதிரியக்கப் பொருள்கள் வெளியிடும் நேர்மின் துகள்கள்) பாய்ச்சிய சோதனை அது. பெரும்பாலானவை தகட்டைக் கடந்து போயின, மிகச் சில மட்டும் வந்த பக்கமே திரும்பின. எத்தனையில் ஒன்று திரும்பியது என்பதற்கு ஒற்றை எண் கிடையாது. திரும்பி வரும் துகள்களின் எண்ணிக்கை, தகட்டின் தடிமன், உலோகம், ஆல்ஃபா துகளின் வேகம் ஆகிய மூன்றையும் பொறுத்து மாறும். தகடு தடித்தால் கூடும். உலோகத்தின் அணு எண் பெரிதானால் கூடும். துகள் வேகமாக வந்தால் குறையும். 1909-ல் ஹான்ஸ் கைகரும் எர்னஸ்ட் மார்ஸ்டனும் வெளியிட்ட முதல் கட்டுரையில் பிளாட்டினத்துக்குக் கொடுத்த எண் சுமார் 8,000-ல் ஒன்று. தேர்வுக்கு உங்கள் புத்தகத்தில் உள்ள எண்ணை எழுதுங்கள். மனத்தில் "பல ஆயிரத்தில் ஒன்று" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை நடந்தது இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில். மார்ஸ்டனுக்கு அப்போது இருபது வயது. இன்னும் பட்டம் வாங்காத மாணவர். ஆல்ஃபா துகள் துத்தநாக சல்பைடு பூசிய திரையில் பட்டால் ஒரு நொடிக்கும் குறைவாக ஒரு பொட்டு மின்னும். இருட்டறையில் உட்கார்ந்து, கண் இருளுக்குப் பழகும் வரை காத்திருந்து, நுண்ணோக்கி வழியாக அந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். இன்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகும் முடிவு, கண்ணைக் கசக்கிக்கொண்டு மாதக்கணக்கில் எண்ணியதில் கிடைத்தது.

அது ஏன் எல்லோரையும் திகைக்க வைத்தது? ஆல்ஃபா துகள் எலக்ட்ரானைப் போல 7,000 மடங்குக்கும் மேல் கனமானது. வினாடிக்கு 15,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வருகிறது. எலக்ட்ரானில் மோதி அது திரும்பவே முடியாது. தாம்சன் சொன்னபடி நேர்மின்னூட்டம் அணு முழுக்கப் பரவிக் கிடந்தால், எந்த இடத்திலும் அதைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு வலிமையான மின்புலம் இருக்காது. திரும்பி வருகிறது என்றால், நேர்மின்னூட்டமும் நிறையும் மிகச் சிறிய ஒரே இடத்தில் குவிந்திருக்க வேண்டும். 1911-ல் ரூதர்ஃபோர்டு இதை வெளியிட்டார்.

வகுப்பில் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறோம். அதற்கு அடுத்த கட்டம்தான் என்னை இன்றும் வியக்க வைப்பது. அப்படி ஒரு கரு இருந்தால், எந்தக் கோணத்தில் எத்தனை துகள்கள் சிதற வேண்டும் என்று ரூதர்ஃபோர்டு ஒரு சூத்திரமும் எழுதினார். கைகரும் மார்ஸ்டனும் மறுபடி இருட்டறைக்குப் போய், கோணம் கோணமாக எண்ணி, 1913-ல் சூத்திரம் சரி என்று காட்டினார்கள். ஒரு துகள் திரும்பி வந்ததைவிட, எல்லாக் கோணங்களிலும் எண்ணிக்கை கணக்கோடு ஒத்துப்போனதுதான் அணுக்கருவுக்கான வலுவான சாட்சி.

அணுக்கரு எவ்வளவு சிறியது?

ஹைட்ரஜனில் கரு என்பது ஒரே ஒரு புரோட்டான். அதன் ஆரம் சுமார் 0.84 × 10⁻¹⁵ மீட்டர். அணுவின் ஆரம் 0.53 × 10⁻¹⁰ மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், அணு கருவைப் போல அறுபதாயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. கருவை 2 மில்லிமீட்டர் கடுகாக வைத்தால், அணு நூற்றிருபது மீட்டருக்கும் மேல் அகலமான உருண்டையாக இருக்கும். தங்கத்தின் கரு பெரியது. அங்கே இந்த விகிதம் சுமார் இருபதாயிரம். அணுவுக்கு வெட்டி வைத்தாற்போல் ஓர் ஓரம் இல்லாததால், அணு ஆரம் என்று நாம் சொல்வது எப்போதும் எப்படி அளந்தோம் என்பதைப் பொறுத்த எண் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அணு பெரும்பாலும் வெற்றிடம் என்றால், என் கை ஏன் மேஜைக்குள் புகுந்துவிடவில்லை?

"99.99 சதவீதம் வெற்றிடம்" என்ற வாசகம் சமூக வலைத்தளங்களில் அடிக்கடி சுற்றுகிறது. நிறை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அது சரியான பதில். இடத்தை யார் அடைத்துக்கொண்டிருக்கிறார் என்ற கேள்விக்கு அது தவறான பதில். எலக்ட்ரான்கள் அணு முழுவதும் பரவி, அந்த இடத்தைத் தம் வசம் வைத்திருக்கின்றன. கையின் எலக்ட்ரான்களும் மேஜையின் எலக்ட்ரான்களும் நெருங்கும்போது இரண்டு காரணங்களால் விலக்கிக்கொள்கின்றன. ஒன்று, ஒத்த மின்னூட்டங்களின் விலக்கு. மற்றது, ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற பௌலியின் தவிர்ப்புத் தத்துவம் (1925). பொருள் கெட்டியாக இருப்பதற்கு இரண்டாவது காரணமே மிக முக்கியம்.

அந்தத் தத்துவம் மேஜையோடு நிற்கவில்லை. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ளன் விண்மீன் தன் எடையாலேயே நசுங்கிவிடாமல் தாங்குவது, எலக்ட்ரான்கள் ஒரே நிலைக்குள் நெருங்க மறுப்பதால் எழும் அழுத்தம். அந்தத் தாங்கலுக்கு ஓர் எல்லை உண்டு, சூரியனைப் போலச் சுமார் 1.4 மடங்கு நிறை வரைதான் என்று கணக்குப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவர் அந்தக் கணக்கைத் தொடங்கினார். அவருக்கு அப்போது வயது 19. 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது. பதினொன்றாம் வகுப்பில் இரண்டு வரியில் படிக்கும் பௌலி தத்துவம் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

நேர்மின் புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்க வேண்டுமே, கருவுக்குள் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன?

விலக்கத்தான் செய்கின்றன. அதைவிட வலிமையான வேறொரு விசை, வலிய அணுக்கரு விசை, அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் வீச்சு மிகக் குறைவு. அருகில் உள்ள துகளோடு மட்டுமே வேலை செய்யும். மின்விலக்கோ கருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வேலை செய்யும். அதனால் கரு பெரிதாகப் பெரிதாக விலக்கு மேலோங்குகிறது. நியூட்ரான்கள் பிடிப்பைக் கொடுக்கின்றன, விலக்கைக் கூட்டுவதில்லை. எனவேதான் கார்பனில் 6 புரோட்டானுக்கு 6 நியூட்ரான் போதும், தங்கத்தில் 79-க்கு 118 வேண்டியிருக்கிறது. காரீயத்துக்கு (அணு எண் 82) அப்பால் எத்தனை நியூட்ரான் சேர்த்தாலும் முழுமையாக நிலைத்திருக்கும் கரு ஒன்றுகூட இல்லை.

நியூட்ரானைக் கண்டுபிடிக்க 1932 வரை ஆனது. மின்னூட்டம் இல்லாததால் அது எந்தப் புலத்திலும் வளையாது, எந்தத் தடத்தையும் நேரடியாக விடாது. பெரிலியத்தின் மேல் ஆல்ஃபா துகள்களை விட்டபோது கிளம்பிய ஒரு கதிர், பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களைத் தட்டி வெளியே தள்ளியது. தள்ளிய வேகத்தை அளந்து, தட்டிய துகளின் நிறை புரோட்டானின் நிறைக்கு ஏறத்தாழச் சமம் என்று ஜேம்ஸ் சாட்விக் காட்டினார்.

தனிமத்தை அடையாளம் காட்டுவது அணு எண்ணா, அணு நிறையா?

அணு எண், அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. ஒரு காலத்தில் நிறையை வைத்தே வரிசைப்படுத்தினார்கள். சில இடங்களில் அது இடித்தது: ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்தின் நிறை 39.10. நிறைப்படி போனால் பொட்டாசியம் முன்னால் வந்து மந்த வாயுக்களோடு உட்கார வேண்டும். கோபால்ட், நிக்கல் ஜோடியிலும் இதே சிக்கல்.

1913-ல் ஹென்றி மோஸ்லி ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் ஒரே அளவில், படிப்படியாக ஏறியது. அந்தப் படி கருவின் மின்னூட்டம். வரிசையில் எங்கே இடம் காலியாக இருக்கிறது, இன்னும் எந்தத் தனிமங்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதையும் அது காட்டியது. அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1915-ல், முதல் உலகப்போரில் கலிப்பொலி முனையில் மோஸ்லி கொல்லப்பட்டார். வயது 27. அணு எண் என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் அவர் பெயரையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நிறை எண் முழு எண் என்றால், குளோரினுக்கு 35.5 எப்படி வந்தது?

ஒரு தனி அணுவின் நிறை எண் (புரோட்டான் + நியூட்ரான்) எப்போதும் முழு எண்தான். இயற்கையில் கிடைக்கும் குளோரினில் இரண்டு வகை அணுக்கள் கலந்திருக்கின்றன: நூற்றில் சுமார் 76 குளோரின்-35, சுமார் 24 குளோரின்-37. இரண்டிலும் புரோட்டான் 17; நியூட்ரான் ஒன்றில் 18, மற்றதில் 20. இவையே ஐசோடோப்புகள். சராசரி போட்டால் 35.45. 35.5 நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூட உலகில் இல்லை. "நியூட்ரான் எண்ணிக்கை = 35.5 − 17 = 18.5" என்று எழுதும் விடைத்தாள்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம், அட்டவணையில் உள்ள எண்ணை ஒரு தனி அணுவின் எண்ணாக எடுப்பதால் வரும் பிழை.

ஐசோடோப்புகளுக்கு வேதிப் பண்பு ஒன்றே என்றால், அவற்றால் என்ன பயன்?

கரு வேறு என்பதே பயன். இரண்டு உதாரணங்கள்.

ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு டியூட்டீரியம். கருவில் ஒரு நியூட்ரான் கூடுதல். அதனால் ஆன நீர் கனநீர். சாதாரண நீரைவிட அடர்த்தி சுமார் 10 சதவீதம் அதிகம், 3.8 டிகிரி செல்சியஸிலேயே உறையும்; கனநீர்க் கட்டியைச் சாதாரண நீரில் போட்டால் மிதக்காமல் மூழ்கும். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலைய உலைகளில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிப்பது இந்தக் கனநீர்தான்.

அடுத்தது கார்பன்-14. காற்று மண்டலத்தின் உயரத்தில் அண்டக்கதிர்களால் கிளம்பும் நியூட்ரான், நைட்ரஜன்-14 கருவில் மோதிப் புரோட்டானை வெளியேற்றும்போது உருவாகிறது. உயிருள்ள வரை மரமும் மனிதரும் அதை உட்கொண்டபடி இருக்கிறார்கள். இறந்தபின் வரவு நின்றுபோகிறது, இருப்பு மட்டும் 5,730 ஆண்டுக்குப் பாதியாகக் குறைகிறது. இந்தக் காலமே அரைவாழ்வு. கீழடியில் கிடைத்த கரித்துண்டு மாதிரி ஒன்று இப்படித்தான் கி.மு. 580 அளவைச் சேர்ந்தது என்று கணிக்கப்பட்டது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் அதை வெளியிட்டது. நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,600 ஆண்டு என்றால் அரைவாழ்வுகள் 2,600 ÷ 5,730 = 0.454. இரண்டில் ஒன்றை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 0.73. அதாவது அந்தக் கரியில் தொடக்கத்தில் இருந்த கார்பன்-14-ல் ஏறத்தாழ 73 சதவீதம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. மீதி 27 சதவீதம் நைட்ரஜனாக மாறிவிட்டது. ஆய்வகத்தில் வருடத்தை நேரடியாக யாரும் அளப்பதில்லை. இந்த மிச்சத்தைத்தான் அளக்கிறார்கள். பிறகு மரவளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள், ஏனென்றால் காற்றில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை.

கருவில் எலக்ட்ரான் கிடையாது. அப்படியானால் பீட்டா சிதைவில் கரு வெளியேற்றும் எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது?

அந்தக் கணத்தில் பிறக்கிறது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது ஓர் எலக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் (மின்னூட்டமற்ற, மிக மிக இலேசான துகள்) உருவாகி வெளியேறுகின்றன. கார்பன்-14 நைட்ரஜன்-14 ஆவது இப்படித்தான்.

எலக்ட்ரான் ஏன் கருவுக்குள் விழுந்துவிடவில்லை?

கருவை எலக்ட்ரான்கள் சுற்றிவருகின்றன என்ற ரூதர்ஃபோர்டு மாதிரியின் பெரிய ஓட்டை இது. வட்டமடிக்கும் மின்னூட்டம் ஆற்றலை ஒளியாக இழக்க வேண்டும் என்பது பழைய இயற்பியல். அதன்படி ஹைட்ரஜன் அணு 10⁻¹¹ வினாடி அளவிலேயே நொறுங்கியிருக்க வேண்டும். நீல்ஸ் போர் 1913-ல், எலக்ட்ரானுக்குச் சில குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்கள் மட்டுமே உண்டு, அவற்றில் இருக்கும்வரை ஆற்றலை இழப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். அதைத் துணிச்சலான ஊகம் என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம் எண்கள். ஹைட்ரஜனில் மூன்றாம் மட்டத்தின் ஆற்றல் −1.51 எலக்ட்ரான் வோல்ட், இரண்டாம் மட்டத்தினது −3.40. வித்தியாசம் 1.89. மேல் மட்டத்திலிருந்து கீழே இறங்கும் எலக்ட்ரான் அந்த வித்தியாசத்தை ஒளியாக வெளியிடுகிறது. 1,240-ஐ அதனால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும்: 656. மின்சாரம் பாய்ச்சிய ஹைட்ரஜன் குழாயின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் சிவப்புக் கோடு சரியாக அங்கேதான் இருக்கிறது.

மட்டங்கள் உண்மை என்பதை வீட்டிலும் பார்க்கலாம். அடுப்புச் சுடரில் உப்புநீர் தெறித்தால் மஞ்சளாக மின்னும். சோடியத்தின் இரண்டு கோடுகள் அவை, 589.0 மற்றும் 589.6 நானோமீட்டர். எந்த ஊர் உப்பானாலும் அதே இடம்.

கோடுகளின் இடம் தனிமத்தின் கையெழுத்து என்பதால் ஒரு தனிமம் பூமியில் கிடைப்பதற்கு முன்பே வானில் அகப்பட்டது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சுக்காரரான ழான்சென் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் பாக்சன் பார்த்தார். சோடியக் கோட்டுக்கு அருகே, ஆனால் அதே இடத்தில் இல்லாத ஒரு மஞ்சள் கோடு அந்த ஆண்டு ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்கு வந்தது. இங்கிலாந்தின் நார்மன் லாக்யர் அதைப் புதிய தனிமம் என்றார்: ஹீலியம். 1895-ல்தான் வில்லியம் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து அதைப் பூமியில் பிடித்தார். யுரேனியம் வெளியிடும் ஆல்ஃபா துகளே ஹீலியத்தின் கரு என்பதால் அங்கே அது இருந்ததில் வியப்பில்லை.

போர் மாதிரி தவறு என்கிறார்களே, பிறகு ஏன் படிக்க வேண்டும்?

ஆற்றல் மட்டங்கள் என்ற பகுதி சரி; இன்றும் நிற்கிறது. எலக்ட்ரான் வட்டப்பாதையில் சுற்றுகிறது என்ற பகுதி தவறு. இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்தின் கோடுகளையே அதனால் கணக்கிட முடியவில்லை. 1924-ல் டி பிராய், எலக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டு என்றார். 1927-ல் டேவிசனும் கெர்மரும் நிக்கல் படிகத்தில் எலக்ட்ரான்கள் அலை போலவே சிதறுவதைக் கண்டார்கள். 1926-ல் ஷ்ரோடிங்கர் எழுதிய அலைச் சமன்பாட்டிலிருந்து வருவது ஆர்பிட்டால்: எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு எங்கே அதிகம் என்று சொல்லும் பரவல். ஆர்பிட் (வட்டப்பாதை) ஒரு கோடு. ஆர்பிட்டால் ஒரு முப்பரிமாணப் பரவல். ஹைசன்பர்க்கின் நிச்சயமற்ற கோட்பாட்டின்படி (1927) எலக்ட்ரானின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதால், கோடு போட்ட பாதைக்கே இடமில்லை. சுற்றுவட்டங்கள் வரைந்த படத்தை எலக்ட்ரான்களை எண்ணுவதற்கான கணக்குப் பலகையாகப் பயன்படுத்துங்கள். அணுவின் உருவம் என்று எண்ண வேண்டாம்.

மூன்றாவது கூட்டில் (ஆற்றல் மட்டத்தில்) 18 எலக்ட்ரான் கொள்ளும். பிறகு பொட்டாசியம் ஏன் 2, 8, 9 இல்லாமல் 2, 8, 8, 1?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். (2, 8, 8, 1 என்பது உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு கூட்டிலும் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை.) கேட்பவர் மேல் தவறில்லை. 2 × 3² = 18 என்ற விதியைக் கொடுத்துவிட்டு, அது ஒரு கூடு அதிகபட்சம் எவ்வளவு கொள்ளும் என்றுதான் சொல்கிறது, எந்த வரிசையில் நிரம்பும் என்று சொல்லவில்லை என்பதை விளக்காமல் விடுகிறோம்.

ஒவ்வொரு கூடும் உட்கூடுகளாகப் பிரிந்திருக்கிறது. எஸ் உட்கூட்டில் 2, பி-யில் 6, டி-யில் 10, எஃப்-ல் 14. எலக்ட்ரான் ஆற்றல் குறைந்த இடத்தைத் தேடிப் போகும். பொட்டாசியத்தில் 3டி-யைவிட 4எஸ் ஆற்றல் குறைவு. இதை நினைவில் வைக்க, கூட்டு எண்ணோடு உட்கூட்டின் எண்ணைக் கூட்டுவார்கள் (எஸ் = 0, பி = 1, டி = 2): 4எஸ்-க்கு 4 + 0 = 4; 3டி-க்கு 3 + 2 = 5. சிறியது முதலில் நிரம்பும். எனவே பொட்டாசியத்தின் 19-வது எலக்ட்ரானும், கால்சியத்தின் 20-வதும் நான்காவது கூட்டுக்குப் போகின்றன. 21-வதான ஸ்காண்டியத்தில்தான் 3டி நிரம்பத் தொடங்கும்: 2, 8, 9, 2.

விதி இருக்கட்டும், ஆதாரம் எங்கே? எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று அளந்திருக்கிறார்கள். பொட்டாசியத்தில் முதல் எலக்ட்ரானுக்கு மோலுக்கு 419 கிலோஜூல்; இரண்டாவதற்கு 3,052. ஏழு மடங்குக்கும் மேல் தாவல். வெளியே தனியாக ஒன்று, உள்ளே இறுக்கமான கூடு என்பதை அந்தத் தாவல் அப்படியே சொல்கிறது. 2, 8, 9 என்று இருந்தால் இந்தத் தாவலுக்குக் காரணமே இருக்காது. கால்சியத்தில் முதல் இரண்டும் 590, 1,145, மூன்றாவது 4,912. இரண்டு எலக்ட்ரான்கள் கழிந்தபின் தாவல். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, எங்கே தாவுகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள். அதன்பின் 2, 8, 8, 2-ஐ யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

4எஸ் முதலில் நிரம்புகிறது. அப்படியானால் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகும்போது 3டி-யிலிருந்து அல்லவா எலக்ட்ரான் போக வேண்டும்?

கடைசியில் வந்தது முதலில் போகும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஆற்றல் மட்டங்களின் வரிசை எல்லா அணுவுக்கும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கருவில் புரோட்டான்கள் கூடக்கூட 3டி உள்ளே இழுக்கப்பட்டு ஆற்றல் இறங்குகிறது. ஸ்காண்டியத்திலிருந்து தொடங்கி, எலக்ட்ரான் இழந்த அயனிகளில் அது தெளிவாக 4எஸ்-க்குக் கீழே இருக்கிறது. எனவே வெளிக்கூட்டில் உள்ள 4எஸ் எலக்ட்ரான்களே முதலில் போகும். இரும்பு 2, 8, 14, 2. இரண்டு எலக்ட்ரான் இழந்த பெரஸ் அயனி 2, 8, 14. மூன்று இழந்த பெரிக் அயனி 2, 8, 13. பெரிக் அயனியில் 3டி-யின் ஐந்து ஆர்பிட்டால்களிலும் ஆளுக்கொன்றாக ஐந்து தனித்த எலக்ட்ரான்கள் இருக்கும், பெரஸ் அயனியில் நான்கு. தனித்த எலக்ட்ரான் ஒவ்வொன்றும் சிறு காந்தம் என்பதால், உப்பைக் காந்தப்புலத்தில் வைத்து எவ்வளவு ஈர்க்கப்படுகிறது என்று அளந்தால் இந்த ஐந்தையும் நான்கையும் எண்ணிவிடலாம்.